போன வாரத்து வயிறு

கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் குனிந்து, "போன வாரம் உனக்குப் பெருத் எப்படிப் போச்சு?" என்று கேட்ட ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பெருத் என்றால் மலாயில் வயிறு. கேட்கப்பட்டவர் கோயில் தலைவர். எடுத்த அப்பளத்தை அப்படியே வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்."

"இன்னிக்கு இல்ல. போன வாரம். நீ இப்ப செருப்பு கழட்டறப்ப ஆடின. நான் பார்த்தேன்."

"கால் மரத்துப்போச்சு. அவ்வளவுதான்."

"அதான் கேக்கிறேன். தண்ணியாப் போச்சா? எத்தனை நாள்?"

பந்தி முழுவதும் சிரித்தது. கேட்டவர் சிரிக்கவில்லை. பதில் வரும்வரை சாம்பார் வாளிக்காரரையும் நகரவிடாமல் நின்றார்.

அவர் மருத்துவமனை ஆயா. மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். எல்லோரும் ஆயா என்றே கூப்பிட்டோம். நாற்பது வயது இருக்கும். மலாக்காச் செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிவிட்ட தமிழர்கள். மலாய்ப் பெண்களைப் போல் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி நெற்றியில் விபூதி இட்டிருப்பார். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்தான். தமிழ் அவருக்கு வார்டில் வந்தது. நோயாளிகளிடமிருந்து பொறுக்கிய அந்தத் தமிழில் எரியுது, கடுக்குது, குமட்டுது, நிக்கல எல்லாம் இருந்தன, வாக்கியக் கடைசியில் மலாய்க்காரர்களின் 'லா'வும். வாங்க, போங்க மட்டும் இல்லை. படுக்கையில் கிடந்தவர்கள் அவரை நீ என்றுதான் அழைத்திருக்க வேண்டும். அவரும் உலகம் முழுவதையும் நீ என்றார்.

கேட்பது எப்போதும் போன வாரத்தைப் பற்றி. அதனால் தெருவில் அவருக்கு 'மிங்கு லாலு' என்று பெயர் விழுந்தது. போன வாரம் என்பதன் மலாய். அவர் தலை தெரிந்தால் குழாயடிப் பெண்கள், "மிங்கு லாலு வருது, கக்கூஸ் கதவைச் சாத்துடி," என்பார்கள். அவர் காதில் விழும். குழாய்க்கு வந்து முழங்கை வரை கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, சொன்னவளிடம் முதலில் கேட்பார்.

இதையெல்லாம் முப்பது வருடம் நினைக்காமல் இருந்தேன். சென்ற மாதம் முதல் வேறெதையும் நினைக்க முடியவில்லை. என் மகளுக்குப் பதினேழு வயது. பள்ளி முகாமுக்குப் போனவள், அங்கே தீயில் வாட்டிய கோழி தின்றுவிட்டு வந்து மூன்று நாள் வயிற்றால் போனாள். கஞ்சி கொடுத்தேன், நின்றது, மறந்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, "ம்மா, பாதம் மரத்த மாதிரி இருக்கு," என்றாள். புதுச் சப்பாத்து கடித்திருக்கும் என்றேன். மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோதனை வருகிறது, டியூஷனுக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் அவளால் மைலோக் கோப்பையைத் தூக்க முடியவில்லை.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் கேட்ட இரண்டாவது கேள்வியே, "இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் வயிற்றுப்போக்கு ஏதாவது?" என்பதுதான். நான், "இல்லை," என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. படுக்கையிலிருந்து மகள் மெல்லிய குரலில், "இருந்துச்சு டாக்டர்," என்றாள்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வயிற்றில் நுழைந்த கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பு, கிருமியையும் நரம்பையும் பிரித்தறியத் தெரியாமல் தன் நரம்பின் உறையையே அடித்துவிடுகிறதோ என்று சிலர் நினைக்கிறார்களாம். பலவீனம் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நிற்கும். "தொடர்பு இருக்கலாம். உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இன்னும் தெரியாது," என்றார். நான் தலையாட்டினேன். இதே விஷயத்தைக் கார்பாலிக் மணத்தோடும் வார்டுத் தமிழோடும் நான் முன்பே கேட்டிருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆயாவுக்கு இது எப்படித் தெரிந்தது என்று அவரே எங்கள் வாசலில் நின்று ஒருமுறை சொன்னார். உள்ளே வந்து உட்காரவே மாட்டார். ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில்.

"வயிறு ஓடறவனுக்கு ஒரு வார்டு. கால் விழுந்தவனுக்கு வேற வார்டு. டாக்டர் ரெண்டு, பேப்பர் ரெண்டு. பெட்பேன் எடுக்கிற கை மட்டும் ஒண்ணு. இங்க சுகமாகி வீட்டுக்குப் போனவன் அங்க வந்து படுத்திருக்கான் லா. மொகம் மறந்து போகும். கழுவின பெட்பேன் மறக்காது."

"அப்ப வயிறு ஓடினவங்க எல்லாம் விழுவாங்களா?" என்று என் அம்மா கேட்டார்.

"இல்ல. நிறையப் பேர் ஓடுறான். எப்பவாவது ஒருத்தன் விழுறான். ஏன் அவன் மட்டும்? அது எனக்குத் தெரியல. அதான் எல்லாரையும் கேக்கிறேன்."

தவறாகவும் கேட்டார். மூலைக்கடைத் தையல்காரருக்கு வாய் கோணி ஒரு பக்கம் விழுந்தபோது, அது மூளையில் இரத்தம் அடைத்த நோய் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும், அவர் மனைவியிடம் போய் வயிற்றைப் பற்றி விசாரித்தார். அந்த அம்மாள் விளக்குமாற்றை எடுத்தாள். காய்ச்சலில் கால் சூம்பிய ஒரு குழந்தையின் தாயைக் கேட்டுக் கேட்டு அழவைத்தார். கேட்டுக்கொண்டிருக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடும். இன்று வியாழன், நேற்று புதன், செவ்வாய் என்று பின்னோக்கி. கணக்கு ஒட்டவில்லையென்றால் கையை உதறிவிட்டு, மன்னிப்பும் கேட்காமல் நடந்துவிடுவார். எனக்கு அவரைக் கண்டால் கூச்சம், கொஞ்சம் பயமும்கூட. அவர் பார்க்கும்போது நம் பாவாடைக்குக் கீழே பாதம் ஒழுங்காக நிற்கிறதா என்று நாமே குனிந்து பார்க்கத் தோன்றும்.

சுதந்திரம் வந்த ஐம்பத்தேழாம் வருடம் நாங்கள் பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்து நடந்தோம். வெயில், வாத்தியம், புதுக்கொடி. ஊரே கொடியையும் தலைவர்களையும் பார்த்து நின்றது. ஆயா கூட்டத்தின் முன்வரிசையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என் தோழியின் அம்மாவிடம், "எல்லாக் காலும் நல்லா இருக்கு," என்று திருப்தியாகச் சொன்னார். அந்த அம்மாள் ஏதோ பைத்தியம் என்று விலகிப் போனாள்.

அந்த வருடத் தீபாவளிக்குத்தான் அது நடந்தது.

அப்பா இறந்து முந்தின வருடம் பண்டிகை இல்லாமல் கழிந்திருந்தது. அதனால் தீபாவளிக்கு முதல் நாள் அம்மா அவருக்குப் பெரிய படையல் போட்டார். வீட்டில் வளர்ந்த சேவல் ஒன்றை முழுசாக மசாலாவில் இறக்கினார். அப்பாவுக்குப் பிடித்த மாதிரி, வெட்டாமல். படையலுக்குச் சமைக்கிறவர்கள் உப்புக்கூடப் பார்க்கமாட்டார்கள். இறந்தவர்கள் உண்ணும் முன் நாம் ருசி பார்த்தால் எச்சில். ஆகவே யாரும் கரண்டியை வாயருகே கொண்டுபோகவில்லை. இலை போட்டு, பட மாலை சரிசெய்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். பிறகு கதவைத் தட்டி உள்ளே போய்ச் சாப்பிட்டோம். மூத்தவன் என்பதால் தொடை அண்ணனுக்கு. எலும்போரம் சிவப்பாக இருந்ததை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். படையல் சோற்றைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. பேருந்தில் கண்டக்டர். அவர் சம்பளத்தில்தான் நாங்கள் இருந்தோம். தீபாவளிக்கு மறுநாளிலிருந்து மூன்று நாள் அவர் கொல்லைக் கக்கூசுக்கும் பாய்க்கும் நடந்தார். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளியில மூச்சு விடாதடி. அப்பாவுக்கு வச்ச சோறு பிள்ளைக்குக் கெடுதல் பண்ணுச்சுன்னு ஊர் பேசக்கூடாது," என்றார்.

இரண்டு வாரம் கழித்து அண்ணனுக்குப் பாதத்தில் எறும்பு ஊர்வது போலிருந்தது. பிறகு பேருந்துப் படியில் கால் ஏறவில்லை. அம்மா பயந்தார். படையலில் ஏதோ குறை, அப்பா கோபித்துக்கொண்டார் என்று அவர் படத்துக்கு முன் சூடம் ஏற்றி அழுதார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை ஆயா பார்த்துவிட்டார்.

அன்று பிற்பகல் முதல் தடவையாக என் பள்ளித் தோழி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பெரிய வீட்டுப் பெண். அவளைக் கூட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைகிறேன், ஆயா எதிரே வந்து வழியை மறித்தார்.

"உன் அண்ணன் நடை கெட்டுப்போச்சு. அவனுக்குப் போன வாரம், அதுக்கு முந்தின வாரம், பெருத் ஓடிச்சா?"

தோழி மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். உதட்டில் சிரிப்பு.

"ஒண்ணுமில்ல," என்றேன். "எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"பெத்துல்?" உண்மைதானா என்று கேட்டார்.

"பெத்துல்."

அவர் கட்டைவிரல் பாதிக் கணக்கில் நின்றது. கையை மூடிக்கொண்டு போய்விட்டார். "யாரது, ஜாம்பான் கழுவறவளா?" என்று தோழி கேட்டாள். ஜாம்பான் என்றால் கக்கூஸ். நான் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாளும் அண்ணன் வீட்டிலேயே கிடந்தார். முழங்கால் மடங்கவில்லை. அதற்கடுத்த நாள் விடிந்தபோது ஆயா சமையலறைக் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த ஒருமுறைதான் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

"உன் மகனுக்கு ஓடிச்சு. மூணு நாள்."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினார். "யார் சொன்னது?"

"வாளி சொல்லிச்சு."

பின்சந்தில் விடியற்காலையில் மலவாளி எடுக்க வரும் ஆளைக் காத்திருந்து பிடித்திருக்கிறார். அந்த மனிதர் எந்த வீட்டு வாளியைப் பற்றியும் பேசியவரல்ல. அவரிடம் யாரும் பேசியதும் இல்லை. கேட்டதும் சொல்லிவிட்டார்: தீபாவளிக்கு அப்புறம் மூணு நாள் அந்த வீட்டில் வெறும் தண்ணீர்.

"என் புருஷனுக்கு வச்ச படையலப் பத்திப் பேசாதே," என்றார் அம்மா. ஆயா படையல் என்ற சொல்லையே சொல்லியிருக்கவில்லை.

ஆயா கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். "படையல் தப்பில்ல. கோழி வேகல. நாங்களும் செத்தவங்களுக்குப் படைக்கிறோம். நாங்களும் வாயில வைக்க மாட்டோம். எலும்ப உடைச்சுப் பார்ப்போம். கண்ணால பார்த்தா எச்சில் இல்ல லா."

அம்மாவின் முகம் எப்படிப் போனது என்று சொல்லமாட்டேன். ஆயா அதற்குள் அண்ணன் பாயருகே உட்கார்ந்திருந்தார்.

"மூச்சு இழு. விடாம எண்ணு. ஒரே மூச்சுல."

அண்ணன் பத்தொன்பது வரை எண்ணினார்.

"நீ எண்ணு," என்று என்னைக் காட்டினார். நான் முப்பத்தைந்து எண்ணினேன். பலவீனம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று தெரிய ஆயாவுக்கு அந்த வித்தியாசமே போதும். ஆயா பேச்சா பிடித்து வந்தார், மூன்று சக்கர சைக்கிள் வண்டி. அண்ணனைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்து, வழியெல்லாம் எண்ணச் சொன்னார். மருத்துவமனை வாசலில் பதினான்கு. அன்று மாலை எட்டு. இரவாகுமுன் அவரைக் கழுத்து வரை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்தார்கள். அவருக்குப் பதில் அது மூச்சு விட்டது. இன்னும் அரைநாள் பாயிலேயே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிருந்த டிரெசர், டாக்டருக்கு உதவியாக இருப்பவர், அம்மாவிடம் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டார்.

பல நாள் கழித்து அண்ணனை வெளியே எடுத்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் ஆயாவை அழைத்து எப்படிச் சந்தேகம் வந்தது என்று விசாரித்தாராம். இந்த நோய் சளிக்காய்ச்சலுக்குப் பிறகும் வருவதுண்டு, ஒன்றுமே இல்லாமலும் வருவதுண்டு, வயிறுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றாராம். யாராக இருந்தாலும் மனம் உடைந்திருக்கும். ஆயா குழாயடியில் சந்தோஷமாகச் சொன்னார்: "சளிக்கு அப்புறமும் வருதாம். சரி, இனிமே மூக்கையும் கேக்கணும்." அன்றிலிருந்து மூக்கையும் கேட்டார்.

அம்மா அவருடன் பேசவில்லை. மகனைக் காப்பாற்றியவள் என்பது அம்மாவுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்த வாய்தான் கோழி வேகவில்லை என்றும் சொன்னது. ஆயா தெருவில் வந்தால் அம்மா துவைத்த துணியையே மறுபடி உதறிக் காயப்போடுவார். ஆயா நின்று, "உன் மகன் இப்ப எத்தனை எண்ணுறான்?" என்று கேட்பார். நான் பதில் சொல்வேன். அந்தப் பதில்களில் மட்டும் பொய் சொல்லவில்லை. சந்தில் சொன்ன பொய்யைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அடுத்த வருடம் நாங்கள் புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் குடிபோனோம்.

அண்ணன் வலது பாதத்தை இழுத்து நடப்பார். கண்டக்டர் வேலை போய், பேருந்து நிலையத்தில் டிக்கெட் கூண்டுக்குள் உட்காரும் வேலை கிடைத்தது. இப்போது பத்து பெரெண்டாம் என்ற ஊரில் பேரப்பிள்ளையோடு இருக்கிறார்.

என் மகளை மூச்சு இயந்திரத்திலிருந்து எடுத்துச் சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு, ஒரு மாலை அண்ணன் பார்க்க வந்தார். அவள் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து, தன் காலும் இப்படித்தான் மெதுவாக வந்தது, பயப்படாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு இருப்பது?

"அண்ணே, அந்த ஆயா என்னைக் கேட்டாங்க. உங்களுக்கு ஓடிச்சான்னு. நான் இல்லன்னுட்டேன். ரெண்டு நாள் அதுல போச்சு."

"அம்மா சொல்லச் சொல்லித்தானே பாப்பா சொன்ன."

"அம்மா அங்க இல்ல. கூட ஸ்கூல் சிநேகிதி இருந்தா. வெக்கமா இருந்துச்சு. அதுக்காகச் சொன்னேன்."

அண்ணன் தன் வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோபித்தால் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

"என்னையும் கேட்டாங்க," என்றார். "உன்னைக் கேட்ட மறுநாள். ஜன்னல் வழியா. நானும் இல்லன்னேன்."

"நீங்களா?"

"பின்ன? பத்தொன்பது வயசு. பொம்பள வந்து கேக்குது. அதைப்போய் எப்படிச் சொல்றது?"

"செத்திருப்பீங்க, அண்ணே."

"ஆமா," என்றார். "அது தெரியாமத்தானே சொன்னேன். நம்ம ரெண்டு பேரையும் நம்பாமத்தான் அது வாளிக்காரன்கிட்ட போயிருக்கு."

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரிக்கும் மணம் வந்தது. மகள் தலையணையில் முகத்தைத் திருப்பி எங்களையே கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் கை போர்வையின் விளிம்பைப் பிடிக்க முயன்றது. இரண்டு விரல்தான் மடங்கின.

"ம்மா."

"என்னடா?"

"நேத்திலேருந்து வயிறு சரியில்ல. இன்னிக்குக் காலையில மூணு தடவ. நர்ஸ் மிஸிகிட்ட, அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லிட்டேன். நீங்க பயந்துடுவீங்கன்னு."

அண்ணன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை. நான் அதற்குள் வார்டின் மறுகோடிக்கு, மருத்துவர் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு, செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தேன்.